அக்கா பறந்த பதினான்கு மணி நேரம்

அக்கா ஆக்லாந்தில் இருக்கிறாள். தம்பி வான்கூவரில் இருக்கிறான். நடுவில் பிறந்த நான் திருச்சுழிக்குப் பக்கத்தில், பிறந்த ஊரிலேயே வாழ்க்கைப்பட்டு, அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளராக இருக்கிறேன். அம்மா என்னோடு இருக்கிறாள்.

சில வருஷங்கள் எங்கள் வீட்டில் இரண்டு போன்கள் தனித்தனியாக வந்துகொண்டிருந்தன. காலையில் நான் பள்ளிக்கூடம் கிளம்பும் நேரம் தம்பி பேசுவான். அவனுக்கு அப்போது சாயங்காலம். பிள்ளைகள் சாப்பிட்டு, பாத்திரம் கழுவி, அடுப்படியைப் பூட்டும் நேரம் அக்கா பேசுவாள். அவளுக்கு அப்போது படுக்கப் போகும் நேரம். தம்பி "பெரியக்கா நல்லா இருக்காளா?" என்று கேட்பான். அக்கா அதைக்கூடக் கேட்க மாட்டாள். நானாக, "அவன் புதுக் கம்பெனில சேந்துட்டான்" என்று சொல்லி வைப்பேன். அவள் உடனே அம்மாவின் சர்க்கரை மாத்திரையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவாள்.

அவள் அப்படி மாறிப் போனது அப்பாவை எடுத்த அன்றைக்கு. அப்பா கருவேலத்துக் காட்டை ஒட்டிய எங்கள் புஞ்சையில் களை பார்க்கப் போனவர், வரப்பிலேயே உட்கார்ந்து சாய்ந்துவிட்டார். அருப்புக்கோட்டைக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் இல்லை. அக்கா எப்படியோ டிக்கெட் பிடித்து, இரண்டு இடத்தில் விமானம் மாறி, மதுரையில் இறங்கி கார் வைத்து வந்து சேர்ந்தாள். அதுவரை அப்பாவை ஐஸ் பெட்டியில் வைத்திருந்தோம். தம்பி வரவில்லை. அங்கே அவன் லாரி ஓட்டுகிறான். அங்கேயே தங்குவதற்குப் பேப்பர் போட்டிருந்தான். அது கைக்கு வருவதற்குள் நாட்டைவிட்டு வெளியே போனால் திரும்ப உள்ளே விட மாட்டார்கள். வீட்டுக் கடன், எங்கள் பிள்ளைகளின் படிப்பு எல்லாம் அவன் சம்பாத்தியத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது. வர வேண்டாம் என்று அம்மாதான் அழுதுகொண்டே அவனிடம் சொன்னாள்.

அப்பாவைத் தூக்கும்போது, அவன் பார்க்கட்டும் என்று நான் போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றேன். திரையில் அவன் முகம் மட்டும் தெரிந்தது. லாரிக்குள் உட்கார்ந்திருந்தான். பெரியப்பா மகன் கொள்ளிச் சட்டியை எடுத்தான். அதைப் பார்த்ததும் அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்து, போனைத் தன் பக்கம் திருப்பினாள்.

"பெத்தவனுக்குக் கொள்ளி வைக்க வராத ஒனக்கு நாடு என்னடா நாடு? இனிமே என்னைய அக்கான்னு கூப்பிடாத" என்றாள்.

அவன் போனை வைக்கவில்லை. பாடை தெருமுனை திரும்பும்வரை அவன் பார்த்துக்கொண்டே இருந்தது எனக்குத் தெரியும்.

அக்காவைக் கல்நெஞ்சுக்காரி என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. தம்பியை வளர்த்ததே அவள்தான். அம்மாவும் அப்பாவும் விடிந்தால் காட்டுக்குப் போய்விடுவார்கள். இவள்தான் அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போவாள். ஒருமுறை அவன் டிராக்டர் பெட்டியிலிருந்து குதித்துக் காலை முறித்துக்கொண்டபோது, அருப்புக்கோட்டைக்கு எலும்பு வைத்தியரிடம் பஸ்ஸில் கூட்டிப் போனதும் அவள்தான். வழி நெடுக அவன் காலைத் தன் மடியில் வைத்து, ரோட்டுக் குழிகளில் பஸ் தூக்கிப் போடும்போதெல்லாம் இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டே வந்தாளாம். அவ்வளவு பாசம் வைத்ததால்தான் அவ்வளவு கோபமும் வந்தது என்று அம்மா சொல்வாள். சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொள்வாள்.

போன வருஷப் பொங்கலுக்குப் பிறகு தம்பியின் போன் நாலைந்து நாள் வரவில்லை. அப்புறம் வந்தபோது முகத்தைக் காட்டாமல் பேசினான். அம்மாவுக்கு உடனே சந்தேகம். அவன் என்னவோ தொண்டை கட்டியிருக்கிறது, நெட் சரியில்லை என்று சொல்லிப் பார்த்தான். கடைசியில் நான் போனை வாங்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்க் கேட்ட பிறகுதான் சொன்னான். மலைப்பாதையில் ரோடு முழுக்கப் பனி உறைந்து கண்ணாடியாகக் கிடந்திருக்கிறது. லோடோடு லாரி வழுக்கிப் பள்ளத்துத் தடுப்பில் மோதிவிட்டது. கால் எலும்பு இரண்டு இடத்தில் முறிந்து, உள்ளே தகடு வைத்திருக்கிறார்கள். விலா எலும்பும் விரிசல். ஆஸ்பத்திரியில் சீக்கிரமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவன் இருப்பது ஒரு வீட்டின் அடித்தளத்தில், இன்னொரு டிரைவரோடு. அந்த மனிதர் வேலைக்குப் போய்விட்டால் தண்ணீர் எடுத்துக் கொடுக்கக்கூட ஆள் கிடையாது.

அம்மாவிடம் மறைக்க முடியவில்லை. அவள் அழவில்லை. கொத்தமல்லிச் செடி பிடுங்கிக் களத்தில் காயப் போட்டிருந்த சமயம். அதைப் புரட்டிக்கொண்டே, யார் போவது என்று மட்டும் கேட்டாள். எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் பாஸ்போர்ட்டே கிடையாது. எடுத்து, விசா வாங்கிப் போய்ச் சேருவதற்குள் அவன் எழுந்து நடந்துவிடுவான்.

கொஞ்ச நேரம் கழித்து அம்மா, "அவ ஊர்ல இருந்து இவன் ஊருக்கு எம்புட்டுத் தூரம்?" என்றாள்.

எனக்குத் தெரியவில்லை. அத்தனை வருஷமும் நான் தூரம் பார்த்ததெல்லாம் எங்கள் வீட்டிலிருந்துதான். மதுரையிலிருந்து அக்கா வீட்டுக்கு எவ்வளவு, மதுரையிலிருந்து தம்பி வீட்டுக்கு எவ்வளவு என்றுதான் பார்த்திருக்கிறேன். அவள் ஊரிலிருந்து அவன் ஊருக்கு ஒரு வழி இருக்கும் என்று தோன்றியதே இல்லை. களத்தில் நின்றபடியே போனில் இரண்டு விமான நிலையங்களின் பெயரையும் ஆங்கிலத்தில் அடித்துத் தேடினேன். ஒரு பக்கம் திறந்தது. பதினோராயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர். எங்கும் இறங்காமல் நேராகப் போகும் விமானம் உண்டு. ஏறக்குறைய பதினான்கு மணி நேரம்.

மதுரையிலிருந்து அக்கா ஊருக்கு எவ்வளவு என்று மறுபடி பார்த்தேன். நேர்கோட்டில் அதுவும் பதினோராயிரத்துச் சொச்சம்தான். அப்படியானால் அக்காவுக்கு நாங்களும் தம்பியும் ஒரே தூரத்தில்தான் இருந்திருக்கிறோம். எங்களிடம் வருவதற்கு அவள் விமானம் மாறி மாறி ஒன்றரை நாள் அலைய வேண்டும். தம்பியிடம் போக ஒரே தாவுதல் போதும். வெயிலில் போனை வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அன்றைக்கு மதியம் அக்கா பேசியபோது சொல்லிவிட்டேன். விபத்து, ஆபரேஷன், தனியாகக் கிடப்பது எல்லாவற்றையும் சொன்னேன். போ என்று சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் போகமாட்டாள் என்று எனக்குத் தெரியும். லைன் கட்டாகிவிட்டதோ என்று திரையைப் பார்த்தேன்.

"எந்தக் காலு?" என்றாள்.

"இடது காலுக்கா. சின்னதுல ஒடிஞ்ச அதே காலு."

வைத்துவிட்டாள். மறுநாள் காலையில் எழுந்து பார்த்தால் போனில் ஒரு படம் வந்து கிடந்தது. விமான டிக்கெட். அதற்கு மேலும் கீழும் ஒரு வார்த்தை இல்லை. அவளிடம் அந்த நாட்டுப் பாஸ்போர்ட் இருந்ததால் கனடாவுக்குப் போக ஆன்லைனிலேயே அனுமதி கிடைத்துவிட்டதாம். முதியோர் இல்லத்தில் அவளுக்கு வேலை. எழுந்திருக்க முடியாதவர்களைக் குளிப்பாட்டி, உடுத்தி, சாப்பாடு கொடுக்கும் வேலை. அத்தானும் பிள்ளைகளும் வீட்டைப் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

அம்மாவிடம் சொன்னேன். அவள் முகம் மலர்ந்துவிட்டது. உடனே எழுந்து சமையலறைக்குப் போய், மிளகாய் வற்றல் எவ்வளவு இருக்கிறது, கருப்பட்டி இருக்கிறதா என்று டப்பாக்களைத் திறந்து பார்க்க ஆரம்பித்தாள்.

"எதுக்கும்மா?" என்றேன்.

"போற வழியில மதுரையில எறங்கித்தான போவா? ஒரு நா இருந்துட்டுப் போகட்டும். அவனுக்கும் குடுத்து விடணும்ல."

அவள் மனதில் எல்லா வழியும் நம் வீட்டைத் தொட்டுக்கொண்டுதான் போகும். நான் பிள்ளைகளின் பாடப்புத்தகத்திலிருந்து உலகப் படத்தை எடுத்துக் காட்டினேன். அதில் இந்தியா நடுவில் இருந்தது. அக்கா ஊர் வலது கோடியில். தம்பி ஊர் இடது கோடியில். அம்மா விரலை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு இழுத்தாள். விரல் எங்கள் மேலேயேதான் போனது. "இந்தா, நான் சொன்னேன்ல" என்றாள். பக்கத்து வீட்டு இட்லிச் சட்டி மூடியை வாங்கி வந்து, அதை உலகம் என்று வைத்து, பின்பக்கமாகச் சுற்றிப் போகும் வழியைக் காட்ட வேண்டியதாகிவிட்டது. அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று கேட்டாள். கடல் என்றேன். ஊரே கிடையாதா என்றாள். கிடையாது என்றேன். கருப்பட்டி டப்பாவைத் திரும்ப மூடி வைத்தாள்.

அக்கா கிளம்பிய அன்று எங்களுக்கு நடுப்பகல். நான் பிள்ளைகளுக்கு முட்டை வைத்துக்கொண்டிருந்தேன். ஏறிவிட்டேன் என்று மெசேஜ் வந்தது. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அம்மா போனைக் கேட்டாள். விமானம் எங்கே போகிறது என்று காட்டும் ஆப் ஒன்றை என் வீட்டுக்காரர் போட்டுக் கொடுத்திருந்தார். திரை முழுக்க நீலம். நடுவில் மஞ்சளாகச் சின்னதாய் ஒரு விமானம். நகர்வதே தெரியவில்லை. அம்மா அதைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்துவிட்டாள். ஆடுகள் வந்து பட்டியில் அடைந்ததும், நான் விளக்குப் போட்டதும்கூடத் தெரியாமல் அப்படியே இருந்தாள். அக்கா சாப்பிட்டிருப்பாளா, காலை நீட்ட இடம் இருக்குமா என்று இரண்டு மூன்று தடவை கேட்டாள். ஒரு தடவை, "இவ்வளவு தண்ணி அங்க கெடக்கு, நம்ம கம்மாய்க்கு ஒரு சொட்டு வரமாட்டேங்குது" என்று சொன்னாள். சிரிக்கத்தான் சொன்னாள் என்று நினைக்கிறேன்.

காலையில் கண் விழித்தபோது மெசேஜ் இருந்தது. இறங்கியாச்சு. அந்த ஊரில் அப்போது அவள் கிளம்பிய அதே தேதி. இருட்டப் போகும் நேரத்தில் ஏறியவள் அதே நாளின் மத்தியானத்தில் போய் இறங்கியிருக்கிறாள். நடுவில் தேதி மாறும் கோட்டைத் தாண்டியதால் அப்படி என்று நான் விளக்கினேன். அம்மா அதை நம்பினாளா என்று தெரியாது. அக்காவுக்கு ஒரு பகல் கூடுதலாகக் கிடைத்ததாக மட்டும் வைத்துக்கொண்டு ஊருக்கெல்லாம் சொன்னாள்.

அதற்குப் பிறகு அங்கே நடந்ததெல்லாம் அக்கா பாதியும் தம்பி பாதியுமாகச் சொல்லி எனக்குத் தெரிந்தது. தம்பியோடு தங்கியிருக்கும் டிரைவர் ஒரு பஞ்சாபிக்காரர். தலைப்பாகை கட்டிய நாற்பது வயது மனிதர். தம்பியிடம் வேறு ஏதோ சொல்லி அவர் நம்பரை நான் வாங்கி அக்காவுக்கு அனுப்பியிருந்தேன். அவர்தான் விமான நிலையத்துக்குப் போய் அழைத்து வந்திருக்கிறார். அக்கா வருவது தம்பிக்குத் தெரியாது. யாரும் அவனிடம் சொல்லவில்லை. கதவைத் திறந்துகொண்டு அவள் உள்ளே வந்ததும் அவன் எழுந்திருக்கப் பார்த்திருக்கிறான். முடியவில்லை. "பெரி..." என்று ஆரம்பித்தவன், கூப்பிடக் கூடாது என்று அவள் சொன்னது ஞாபகம் வந்து பாதியில் நிறுத்திக்கொண்டானாம்.

அவள் கையைக் கழுவிக்கொண்டு வந்து, கட்டு எப்படிப் போட்டிருக்கிறார்கள் என்று பார்த்திருக்கிறாள். பிரிட்ஜைத் திறந்து கெட்டுப்போனதையெல்லாம் வெளியே எடுத்துப் போட்டிருக்கிறாள். வெந்நீர் வைத்து, வேலை பார்க்கும் இடத்தில் செய்வதுபோலவே அவனைச் சாய்த்து, துண்டை நனைத்து உடம்பு முழுக்கத் துடைத்துவிட்டிருக்கிறாள். ரசம் வைத்து, சோற்றைக் குழையப் பிசைந்து கொடுத்திருக்கிறாள். இரண்டு மூன்று நாள் இப்படியே போனது. சாப்பிடு, திரும்பு, காலை அசைக்காதே, இவ்வளவுதான் பேச்சு. அக்கா வந்தும் வராத மாதிரிதான் இருந்தது என்று தம்பி சொன்னான்.

ஒரு நாள் அவன் தலைக்கு எண்ணெய் தேய்த்துவிட்டுக்கொண்டிருக்கும்போது, முடி இப்படிக் கொட்டிப்போச்சே என்று அக்கா தனக்குத்தானே சொல்லியிருக்கிறாள். அங்கே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்த பஞ்சாபிக்காரர் கையைக் காட்டி என்ன சொல்கிறாள் என்று கேட்டிருக்கிறார். தம்பி இங்கிலீஷில் சொன்னதும் அவர் சிரித்துக்கொண்டு, இதையெல்லாம் ஒரு தடவை நானே எடுத்துவிட்டவன்தான் என்றிருக்கிறார். தம்பி அவரைப் பேசவிடாமல் தடுக்கப் பார்த்தானாம். அக்கா விடவில்லை. சொல்லுங்கள் என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

அன்றைக்கே எனக்குப் போன் வந்தது. நான் அரிசி அளந்து கொடுத்துக்கொண்டிருந்தேன். அவள் வழக்கமாகப் பேசும் நேரம் இல்லை. பயந்துபோய் அடுப்படியை விட்டு வெளியே ஓடி வந்தேன்.

"மொட்ட போட்ருக்கான்டி" என்றாள். "அப்பாவுக்கு மொட்ட போட்ருக்கான். நம்ம யாருக்கும் சொல்லல."

நான் தண்ணீர்த் தொட்டிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். அப்பாவைத் தூக்கியதைப் போனில் பார்த்துவிட்டு, லாரியைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டு அறைக்கு வந்திருக்கிறான். கடையில் பிளேடு வாங்கிக் கண்ணாடி முன்னால் நின்று தானே வழித்திருக்கிறான். முன்பக்கம் முடிந்தது. பின்பக்கம் கை போகவில்லை. அங்கங்கே வெட்டி ரத்தம். வேலை முடிந்து வந்த பஞ்சாபிக்காரர் அந்தக் கோலத்தில் அவனைப் பார்த்திருக்கிறார். காரணம் கேட்டிருக்கிறார். பிறகு வெளியே போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு உள்ளே வந்திருக்கிறார். சீக்கியர்களான அவர்கள் வழக்கத்தில் பிறந்ததிலிருந்து தலைமுடியில் கத்தி படக் கூடாது. அவர் வாழ்நாளில் பிளேடைப் பிடித்ததே இல்லை. கையைக் கழுவி, கண்ணை மூடித் தன் குருவிடம் ஏதோ சொல்லிவிட்டு, அந்தப் பிளேடை வாங்கி, மீதித் தலையை அவர்தான் மெதுவாக வழித்துவிட்டாராம். ஒரு அப்பாவுக்காக என் கை இதைச் செய்தால் என் குரு கோபித்துக்கொள்ள மாட்டார் என்று அக்காவிடம் சொன்னாராம்.

அப்புறம் கடற்கரைக்குக் காரில் கூட்டிப் போயிருக்கிறார். தண்ணீர் பனிக்கட்டி மாதிரி இருந்ததாம். தம்பி வேட்டி இல்லாமல் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு இறங்கி மூன்று முழுக்குப் போட்டிருக்கிறான். கரையில் அவர் கம்பளியை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

ஏன்டா சொல்லவில்லை என்று அக்கா அவனைக் கேட்டிருக்கிறாள்.

"கொள்ளி வைக்காதவன், மொட்ட போட்டேன்னு என்னத்தச் சொல்லச் சொல்ற பெரியக்கா?" என்றானாம்.

அப்போதுதான் அவன் அவளை மறுபடி அக்கா என்று கூப்பிட்டான். அவள் எண்ணெய்க் கையோடு அவனைக் கட்டிக்கொண்டு அழுததாக அவன் சொன்னான். அவள் அதைச் சொல்லவில்லை. விலா வலிக்கிறது என்று அவன்தான் கத்த வேண்டியதாகிவிட்டதாம்.

மறுநாள் காலையிலேயே வீடியோவில் கூப்பிட்டார்கள். நான் போனை அம்மாவிடம் கொடுத்தேன். அவள் எப்போதும்போல முதலில் ஒருவர், அடுத்து ஒருவர் வருவார்கள் என்று காத்துக்கொண்டு இருந்தாள். இரண்டு முகமும் ஒன்றாக, கன்னத்தோடு கன்னம் ஒட்டித் தெரிந்ததும் போனைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள். கிட்டே வைத்துப் பார்த்தாள். பிறகு, "சாப்புட்டீகளா ரெண்டு பேரும்?" என்றாள். போனை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அக்கா அவன் கோலூன்றி நடக்கும்வரை இருந்தாள். லீவு தீர்ந்ததும் சம்பளமில்லாத லீவும் போட்டு இருந்தாள். கிளம்பும்போது பஞ்சாபிக்காரருக்கு ரசப்பொடி அரைத்து வைத்துவிட்டு வந்ததாகச் சொன்னாள். திரும்பிப் போகும்போது ஒரு முழு நாள் அவளுக்குக் காணாமல் போய்விட்டது. போகும்போது வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கிறாள் என்று அம்மா சொன்னாள்.

தம்பியின் பேப்பர் இந்த வருஷம் கைக்கு வந்துவிட்டது. வைகாசி வெயிலில் வந்து இறங்கினான். மதுரை விமான நிலையத்துக்கு அம்மாவையும் கூட்டிப் போயிருந்தோம். அவன் வெளியே வந்ததும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, காலைத்தான் பார்த்தாள். கொஞ்சம் சாய்ந்து நடக்கிறான். குளிர் வந்தால் வலிக்குமாம். ஊருக்கு வந்த மறுநாள் காலையில் தனியாக அப்பாவை எரித்த இடத்துக்குப் போனான். நாங்கள் யாரும் கூடப் போகவில்லை. வெகுநேரம் கழித்துத் திரும்பி வந்து, கால் மணலைக் கழுவிவிட்டு, பசிக்கிறது என்றான். அம்மா கேப்பைக் களியும் கருவாட்டுக் குழம்பும் வைத்தாள்.

அவன் திரும்பிப் போன பிறகு நான் ஒன்றைக் கவனித்தேன். அக்காவும் தம்பியும் இப்போது தினமும் தாங்களாகவே பேசிக்கொள்கிறார்கள். அவனுக்குப் பெண் பார்ப்பதுகூட எனக்கு இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது. எங்கள் வீட்டுக்கு வரும் போன் குறைந்துவிட்டது. சில காலைகளில் பள்ளிக்கூடம் கிளம்பும்போது போன் அடிக்காமல் இருக்கும். அவனுக்கு ஏதும் ஆயிருக்குமோ என்று நான் அம்மாவைப் பார்ப்பேன்.

"அவ கூடப் பேசிக்கிட்டு இருப்பான். நீ பள்ளிக்கூடத்துக்குக் கெளம்பு" என்று சொல்லிவிட்டு, அம்மா முறத்தை எடுத்துக்கொண்டு களத்துக்குப் போவாள்.